ஏழாம் இலக்கக் கேள்வி

என் சாச்சாவின் மகன் அமெரிக்காவில் ஒரு சமூகக் கல்லூரியில் கணக்குப் படிப்பிக்கிறார். தொண்ணூறில் நாங்கள் இருவரும் ஒரே லொறியில், ஒரே பாயில் உட்கார்ந்துதான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தோம். அவர் மேலும் மேலும் தூரம் போனார், நான் திரும்பி வந்தேன். சென்ற வருடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, தன் கல்லூரிக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு மானியம் கிடைத்ததாகச் சொன்னார். படையிலிருந்து விலகிப் படிக்க வருவோருக்காக ஒரு தனி அறை, அவர்களைக் கவனிக்க ஒரு இணைப்பாளர், பின்தங்கிய பாடங்களுக்குத் துணை வகுப்பு, மனநல ஆலோசகர் ஒருவர். அந்தத் துணை வகுப்பில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து வந்தவர்களுக்கு இவர் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

“ஒண்டு கவனிச்சன் மச்சான். ஒருத்தனும் கதவுக்கு முதுகு காட்டி இருக்க மாட்டான். முதல் ஆளா வந்து கடைசிக் கதிரையப் பிடிச்சிருவான்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் பின் அறையில் நான் நடத்திய மாலை வகுப்பிலும் ஒரு பிள்ளை அப்படித்தான் இருந்தாள். சுவரோடு முதுகை ஒட்டி, கதவைப் பார்த்தபடி. அவள் அந்த இடத்தைத் தெரிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இடுப்பில் தங்கிவிட்ட ஒரு ஷெல் துண்டினால் சாய்வில்லாத வாங்கில் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. அவளுக்கு மானியமும் இல்லை, இணைப்பாளரும் இல்லை. அவளுக்குக் கிடைத்தது அந்தச் சுவர்தான்.

போரிலிருந்து திரும்பியவர்களைப் படிக்க வைப்பதற்கு நிதி ஒதுக்குவது என்ற விஷயத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் எவரும் எழுதி நான் வாசித்ததில்லை. போராளிகளைப் பற்றி எழுதுகிறோம், புனர்வாழ்வு பற்றிப் பேசுகிறோம். 2015இல் புற்றுநோயால் காலமான தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் நூலாக வந்தபோது இலக்கிய வட்டங்களில் எவ்வளவு வாதப் பிரதிவாதங்கள்! ஆனால் எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், நாம் வாசித்தோம். சாதாரண தரத்தில் கணக்கில் தவறியவர்கள் நூல் எழுதுவதில்லை. அவர்கள் என்னைப் போன்ற வாத்திமாரிடம் வருவார்கள்.

முதலில் அமெரிக்கக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது நமக்குப் பிறகு தேவைப்படும். முதலாம் உலகப் போரில் சண்டையிட்டு வந்தவர்கள், தமக்கு வாக்களிக்கப்பட்ட கொடுப்பனவை முன்கூட்டியே தரும்படி கேட்டு 1932இல் வாஷிங்டனில் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். அவர்களை விரட்டியது அதே நாட்டின் இராணுவம். கூடாரங்கள் எரிந்தன. அந்த அவமானம் ஆட்சியாளரின் மனதில் இருந்தபடியால்தான் அடுத்த போர் முடிய முன்பே, 1944 ஜூன் 22ஆம் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ஜி.ஐ. சட்டம் என்று அதைச் சொல்வார்கள். படிக்க விரும்பும் படைவீரனுக்கு வருடத்துக்கு 500 டொலர் வரை கல்லூரிக் கட்டணம். அதோடு தனியாளுக்கு மாதம் 50 டொலர், குடும்பகாரனுக்கு 75 டொலர் சீவியச் செலவு. இரக்கத்தினால் மட்டும் செய்யப்பட்ட காரியமல்ல இது. ஒரு கோடி அறுபது இலட்சம் பேர் ஒரே நேரத்தில் வேலை கேட்டுத் தெருவில் நின்றால் என்ன நடக்கும் என்ற பயமும் அதில் பாதி.

பெரிய படிப்பாளிகள் எதிர்த்தார்கள் என்பது எனக்குச் சுவாரசியமான விஷயம். சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவராயிருந்த றொபேட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் தங்குமடமாகிவிடும் என்ற தொனியில் எழுதினார். நடந்தது வேறு. 78 இலட்சம் பேர் அந்தச் சட்டத்தின் கீழ் ஏதோ ஒரு படிப்பை அல்லது பயிற்சியைப் பெற்றார்கள். அவர்களில் 22 இலட்சம் பேர் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். 1947இல் அந்நாட்டுக் கல்லூரிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள்.

இதில் நான் இரண்டு தடவை வாசித்த பகுதி வேறொன்று. எல்லாப் படைவீரருக்கும் அது கிடைக்கவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின வீரன் கையில் பத்திரத்தோடு போனான், ஆனால் அவனைச் சேர்க்கும் கல்லூரி இருக்கவில்லை. அமெரிக்கக் கொடியின் கீழ் சண்டையிட்ட பிலிப்பைன்ஸ்காரரில் பெரும்பாலானோருக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் உரிமை மறுக்கப்பட்டது. இன்னும் சிலரைத் தண்டனையும் இல்லாமல் கௌரவமும் இல்லாமல் நீல நிறத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளை வைத்திருந்தவர்களுக்குப் படிப்புப் பணம் இல்லை. ஆக, சண்டையிட்டது ஒன்றுதான், கையிலிருந்த தாள்தான் வேறு.

சாச்சாவின் மகன் சொன்ன மானியம் இந்தச் சட்டத்தின் வழியாக வந்ததல்ல. அது 2008ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டமொன்றில் சேர்க்கப்பட்டு 2010இல் முதன்முறையாகக் கொடுக்கப்பட்ட வேறொரு வகைப் பணம். ஜி.ஐ. பணம் மாணவனின் பேரில் போகிறது. இது கல்லூரிக்குப் போகிறது. ‘இவன் படிக்க வருகிறான், இவனுக்காக உன்னை நீ கொஞ்சம் மாற்றிக்கொள்’ என்று கல்லூரிக்குக் கொடுக்கும் பணம். அலைந்து திரியாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்க ஒரு அறை, பொறுப்பாக ஒரு ஆள், யார் இடையில் நிற்கிறான் என்று பார்க்க ஒரு பதிவேடு. எனக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியதாகத் தெரிகிறது. நம் நாட்டில் முதலாவது வகைப் பணத்தையாவது கொஞ்சம் கண்டிருக்கிறோம், இரண்டாவது வகையை நான் காணவில்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் 594 பேர் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்பது அரசாங்கக் கணக்கு. பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு. படிப்பைத் தொடர விரும்பியவர்களை இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே வகுப்பு, விடுதி, பரீட்சை எல்லாம் இருந்தன. ஒரு வருட காலத்துக்குள் பிள்ளைகளை வீட்டாரிடம் சேர்த்தும் விட்டார்கள். செய்ததைச் செய்ததாகச் சொல்ல வேண்டும், அது நல்ல காரியம்.

என் மாணவி பிறந்தது 1991 மார்ச்சில். வலிகாமத்துக் குடும்பம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி ஊர் முழுவதும் எழுந்து நடந்தபோது அவளுக்கு நாலரை வயது. தென்மராட்சி, பிறகு வன்னி. 2008இல் வீட்டுக்கு ஒரு ஆள் என்று வந்து கேட்டபோது அண்ணனுக்குப் பதிலாக இவள் போனாள். பதினொராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. 2009 மே மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு வயதும் இரண்டு மாதமும். அந்த இரண்டு மாதத்தினால் அவள் இரத்மலானைக்குப் போகவில்லை. பம்பைமடுவுக்குப் போனாள். பம்பைமடு என்பது வேறெதுவுமில்லை, வவுனியா வளாகத்தின் மாணவர் விடுதி. பல்கலைக்கழக மாணவர்கள் இருக்க வேண்டிய கட்டிடத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் காவலில் இருந்தார்கள். “நானும் கம்பசில இருந்தனான் சேர்” என்று ஒரு நாள் சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

பாடசாலையும் போரும் ஒன்றையொன்று விட்டதேயில்லை இந்த மண்ணில். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 750ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது நெல்லியடி வரும். 1987 ஜூலை 5ஆம் திகதி வெடிமருந்து ஏற்றிய வாகனம் மோதியது அங்கே மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமின் மீது. கரும்புலிகளின் முதலாவது தாக்குதல் என்று சரித்திரம் அதைக் குறித்து வைத்திருக்கிறது. என் மனதில் நிற்பது அது ஒரு பாடசாலை என்பதுதான். இப்போது அந்த வழியால் போகும் பஸ்ஸில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நெரிந்துகொண்டு நிற்கிறார்கள்.

2014இல் அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். கலியாணம் முடித்து, ஒரு ஆண் குழந்தை, புருஷன் கடலுக்குப் போகிறவர். நான் அப்போது அந்த ஊர்ப் பாடசாலையில் கணித ஆசிரியன். சனி, ஞாயிறுகளில் சனசமூக நிலையத்தில் தவறியவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஒரு முஸ்லிம் வாத்தியார் ஏன் இலவசமாகப் படிப்பிக்கிறார் என்று ஊரிலே ஒரு கதை ஓடியது. அதற்கு நான் ஒரு விடையும் சொல்லவில்லை. உண்மையில் காரணம் சாதாரணமானது. புத்தளத்தில் முகாமிலிருந்து படிக்கப் போன காலத்தில் எங்களுக்கு மாலை நேரத்தில்தான் பாடசாலை. உள்ளூர்ப் பிள்ளைகள் பகலில் படித்து எழுந்துபோன வாங்குகளின் சூடு ஆறமுன் நாங்கள் போய் உட்காருவோம். அங்கே ஒரு மாஸ்டர் விளக்கு மங்கும் வரை சதமும் வாங்காமல் கணக்குச் செய்விப்பார். மாலை வகுப்பு என்றால் எனக்கு அவர்தான்.

அந்தப் பிள்ளை எதுவாக இருந்தாள் என்பது எனக்கு மூன்றாம் கிழமைதான் தெரிந்தது. வீட்டில் வந்து சொன்னேன். உம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டா, “இயக்கத்துப் புள்ளைக்கா மகன் படிச்சுக் குடுக்கிறீங்க?”

“ஓம் உம்மா.”

1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலம். உம்மாவின் காதிலிருந்து தோட்டைக் கழற்றிய பெண்ணின் வயது இருபதுக்குள்தான் இருக்கும் என்று வாப்பா பிறகு சொல்வார். வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“அவக்கு எத்தின வயசு?”

சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தா.

“நாங்க வெளிக்கிட்டபோது அவ பொறக்கவும் இல்லையே.”

அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் உம்மா கேட்காத கேள்வியை வெளியே பலர் கேட்டார்கள், கேட்கவும் வேண்டும். துவக்குத் தூக்கியவருக்குப் படிப்புக்கு உதவி, துவக்கினால் துரத்தப்பட்டவனுக்கு என்ன? வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் உப்பளத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போய்ப் படிப்பை விட்டார்கள் என்பது புத்தளம் அறியும். பல்கலைக்கழக மாவட்டக் கோட்டாவில் நாங்கள் புத்தளத்தாரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்ற முணுமுணுப்பையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் வயதுக்காரர் பலருக்கு இந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக இருக்கிறது. அந்த முள்ளை நான் மறுக்கவில்லை. கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதில்தான் எனக்கு வேறு எண்ணம். கேட்க வேண்டியது பணம் கொடுப்பவரிடம். பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் அல்ல.

அச்சேயைப் பாருங்கள். நம்மைப் போலவே சுனாமி அடித்த மண், முப்பது வருடச் சண்டை. 2005 ஆகஸ்ட் 15ஆம் திகதி ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்படிக்கையில் மூன்று கூட்டத்தாரை அடுத்தடுத்து எழுதினார்கள்: முன்னாள் போராளிகள், மன்னிப்புப் பெற்ற அரசியல் கைதிகள், சண்டையினால் இழப்பு அடைந்த பொதுமக்கள். மூவருக்கும் நிலமோ தொழிலோ உதவியோ உண்டு என்றார்கள். நடைமுறையில் அது நேராகப் போகவில்லை, பணம் போன வழி பற்றிய முறைப்பாடுகள் அங்கேயும் நிறைய. இருந்தாலும் ஒரே வாக்கியத்தின் கீழ் மூவரையும் எழுத ஒருவருக்குத் தோன்றியதே! நம் நாட்டில் தனித்தனிப் பெட்டிகள். அரசாங்கப் படையினருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் 1999ஆம் ஆண்டு 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி ரணவிரு சேவா அதிகாரசபை. அவர்களின் பிள்ளைகளுக்கென்று 2007இல் கொழும்பில் ஒரு பாதுகாப்புச் சேவைகள் கல்லூரி. மற்றப் பக்கத்தில் சண்டையிட்டவர்களுக்குப் புனர்வாழ்வு ஆணையாளர் பணியகம். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2018ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டு அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு படிவம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாடசாலைக்குப் போகும் வழியில் இருந்த காவலரணில் அநுராதபுரத்துப் பையன் ஒருவன் நின்றான். எனக்குச் சிங்களம் பேச வரும், புத்தளம் தந்தது. ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பர் ஒன்றை எடுத்து நீட்டினான். ஆங்கிலப் பாடம், கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தவறிவிட்டுப் படைக்குச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வருடச் சேவை முடித்து வீட்டுக்குப் போகும்போது நாற்பது வயதில் கையில் என்ன இருக்கும் என்று கேட்டான். மதிலில் பேப்பரை வைத்துப் பத்து நிமிடத்தில் நிரப்பிக் காட்டினேன். இரண்டு கிழமையில் அவனை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நம் நாட்டில் கல்விக்குக் கட்டணம் இல்லை. 1945இலிருந்து இலவசக் கல்வி. அப்படியானால் போரிலிருந்து திரும்பிய மாணவிக்கு நிதி எதற்கு என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார், நியாயமாகத்தான் கேட்டார். அமெரிக்கனின் பிரச்சினை கட்டணம், நமது பிரச்சினை அது அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். பயிற்சிக்கும் நியமனத்துக்கும் வயதெல்லை. காட்டில் கழிந்த வருடங்களையும் முகாமில் கழிந்த வருடங்களையும் எந்தச் சுற்றுநிருபமும் வயதிலிருந்து கழிப்பதில்லை. வயதெல்லை இல்லாமல் கதவு திறந்திருக்கும் இடம் திறந்த பல்கலைக்கழகம், அடிப்படைக் கற்கைநெறிக்குப் பதினெட்டு வயது போதும், முன் தகைமை கேட்பதில்லை. ஆனால் இலவசக் கல்வி அந்த வாசலோடு நின்றுவிடுகிறது, அங்கே கட்டணம் உண்டு. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்துக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். அந்த நேரம் குழந்தையை வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். இடுப்பில் ஷெல் துண்டோடு நின்றுகொண்டு பஸ்ஸில் போக முடியாது.

எனக்கு இந்தக் கணக்கு விளங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கலாசாலையில் படித்தவன். உயர்தரத்தோடு நியமனம் பெற்ற பயிற்சியற்ற ஆசிரியரை இரண்டு வருடம் முழுச் சம்பளத்தோடு ஆசிரிய கலாசாலைக்கு அனுப்புவார்கள். முப்பது வயதில், பெண்சாதி பிள்ளையோடு, மாதம் பிறந்தால் சம்பளம் வங்கியில் விழ, நான் உட்கார்ந்து படித்தேன். கல்வி உளவியலும் மதிப்பீடும் என் மண்டையில் ஏறியது அந்தச் சம்பளத்தினால்தான். வீட்டில் அரிசி இருக்கிறது என்ற நிச்சயத்தோடு வளர்ந்த மனிதன் ஒருவன் படிப்பது வேறு விதமான படிப்பு. ரூஸ்வெல்ட்டின் 75 டொலரை அதனால்தான் கட்டணத்தை விடப் பெரிதாக நினைக்கிறேன்.

2015இல் ஒரு உதவி நிறுவனத்தார் எங்கள் பகுதிக்கு வந்தார்கள். புனர்வாழ்வு பெற்றவர்களுக்கு ஏதாவது செய்யப் பணம் இருக்கிறது, கருத்திட்ட முன்மொழிவு எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் எழுதினேன். ஐந்தே வரி. எட்டுப் பேருக்கு ஒன்றரை வருடத்துக்கு பஸ் காசு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலுள்ள ஒரு ஆச்சிக்கு மாதக் கொடுப்பனவு. சாய்வுள்ள கதிரை மூன்று. பின் அறைக்கு மின்விளக்கும் மின்விசிறியும். பரீட்சைக் காலத்தில் ஒரு மாதம் தொழிலுக்குப் போகாமல் இருக்க ஒரு சிறு தொகை. எனக்கென்று எதுவும் போடவில்லை.

வந்த தம்பி படித்தவர், பண்பானவர். அவர் தலையைச் சொறிந்தார். “சேர், எட்டுப் பேர் காணாது, இருபத்தைஞ்சு பயனாளிகள் வேணும். ஒண்டரை வருசம் எங்களால ஏலாது, ஆறு மாசம். கல்வி எண்டு இந்த நிதியில இல்ல, வாழ்வாதாரம்தான் இருக்கு. தையல் எண்டு போடுவமா?”

தையல் என்று போட்டார்கள். நான் போடவில்லை, வேறொருவர் போட்டுக் கொடுத்தார். திறப்பு விழாவுக்குப் பதாகை, பிரமுகர்களுக்கு மாலை, எல்லோருக்கும் பருத்தித்துறை வடையும் தேநீரும். என் மாணவிக்கும் ஒரு மெஷின் கிடைத்தது. அது வீண் போகவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வருடத் தொடக்கத்தில் பாடசாலைச் சீருடை தைத்து அவள் சம்பாதித்ததுதான் பிறகு அவளுடைய பஸ் காசு. ஆனால் மெஷினோடு வந்த ஆறுமாதப் பயிற்சி சனி, ஞாயிறுகளில் வைக்கப்பட்டது. கணக்கு வகுப்பு அந்த நேரத்தில்தான். அந்த டிசம்பரில் அவள் கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை.

பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறதோ அந்தப் பெட்டியின் வடிவத்தில்தான் மனிதனும் வளைய வேண்டியிருக்கிறது. யுத்தத்தின் பின்னரான வருடங்களில் வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். அது பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள திணைக்களம். மாகாணக் கல்வித் துறை கொடுத்த சொற்பக் கொடுப்பனவைவிட அங்கே பல மடங்கு. முன்னாள் போராளிகள் பலருக்கும் அதே திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘அம்மா இங்கே வா’ சொல்லிக் கொடுப்பவர் பாதுகாப்புத் துறையில் சம்பளம் வாங்குவதை வெளியிலிருந்து கண்டிப்பது சுலபம். அந்தச் சம்பளத்தை வேறு எவரும் கொடுக்க முன்வரவில்லை.

பத்ர் யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளைப் பற்றி ஸீறாவில் வருவதை நாம் எல்லோரும் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். ஈட்டுப் பணம் கொடுக்க வசதியில்லாதவர்களில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதுவே ஈடு, விடுதலை என்று றஸூலுல்லாஹ் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். கைதிகளைக் கண்ணியமாக நடத்துவதற்கு உதாரணமாகத்தான் குத்பாவில் இதைச் சொல்வார்கள். வாத்தியாராக எனக்கு வேறொன்று தோன்றும். நேற்று வாளோடு எதிரே நின்றவனிடம் தன் பிள்ளையை எழுதப் பழக அனுப்பிய பெற்றோர் யார்? அவர்களைப் பற்றி யாராவது ஒரு சிறுகதை எழுதலாம்.

இனி அந்த ஏழாம் இலக்கக் கேள்வி.

அவள் 2016 டிசம்பரில் கணக்குப் பரீட்சை எழுதினாள். சாதாரண சித்தி. பெறுபேற்றுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, நானும் ஒன்றும் பேசவில்லை, அவளுடைய பையன் மட்டும் கரும்பலகையில் சோக்கினால் கிறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு உயர்தரம் கலைப்பிரிவு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. அந்த நேரம் ஒரு புலமைப்பரிசில் விளம்பரம் வந்தது. இடையில் படிப்பை விட்ட வளர்ந்தவர்களுக்கு இரண்டு வருடம் மாதாந்தக் கொடுப்பனவு. நான் ஐந்து வரியில் கேட்டது ஏறத்தாழ அதுதான். அவளைக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுத்தேன். பெயர், முகவரி, பிறந்த திகதி, பரீட்சை விபரம். ஏழாவது: ‘நீங்கள் புனர்வாழ்வு அளிக்கப்பட்ட முன்னாள் போராளியா? ஆம் / இல்லை. ஆம் எனின் சான்றிதழ்ப் பிரதியை இணைக்கவும்.’ ஆம் என்போருக்கு முன்னுரிமை என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. நல்ல மனதோடுதான் அதைப் போட்டிருப்பார்கள்.

பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“ஆம் எண்டு போட்டாக் காசு வரும் சேர். வேற ஆக்களும் வருவினம்.”

அவள் சொன்னதன் பொருள் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் விளங்கும். சிவில் உடையில் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்று, யார் வந்து போகிறார்கள், வெளிநாட்டிலிருந்து யார் பேசுகிறார்கள், தொலைபேசி இலக்கம் மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அது குறைந்து ஒரு வருடமாகியிருந்தது. பையன் பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். அவனுடைய வகுப்பில் தாய் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

‘இல்லை’ என்பதில் சரி போட்டாள். புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களின் பட்டியலில் எங்கள் பக்கத்தார் இருவர் இருந்தார்கள். அவர்களுக்குத் தேவையில்லை என்று யார் சொல்ல முடியும்?

அமெரிக்காவில் ஒருவன் படையில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு அந்த அறைக்குள் போகிறான். சாச்சாவின் மகன் சொல்வதைப் பார்த்தால், அங்கேயும் சிலர் சொல்ல விரும்பாமல் பேசாமல் வந்து போகிறார்களாம், ஆனால் அது அவர்களின் விருப்பம். இங்கே உதவியும் விசாரணையும் ஒரே சான்றிதழில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் பணத்தை ஆளுக்குக் கொடுக்காமல் இடத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். அந்தப் பின் அறைக்குக் கொடுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிக்கும் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையத்துக்கும் கொடுங்கள். பஸ் காசு வராதவனுக்கெல்லாம் பஸ் காசு, குழந்தையோடு வருகிறவளுக்கெல்லாம் குழந்தை பார்க்க ஒரு ஆள், நோவுள்ளவனுக்கெல்லாம் சாய்வுள்ள கதிரை. துரத்தப்பட்டவனின் மகனும் அதில் வந்து இருப்பான், துவக்குத் தூக்கியவளும் இருப்பாள், அநுராதபுரத்துப் பையனும் வேண்டுமானால் வரட்டும். ஏழாம் கேள்வி தேவைப்படாது. தகுதியில்லாத நாலு பேர் பஸ் காசு வாங்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். வாங்கட்டும். அந்தப் பதாகைக்கும் மாலைக்கும் போன பணத்தை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

அந்தப் பிள்ளை உயர்தரம் இரண்டாம் தடவையில் மூன்று பாடமும் சித்தியடைந்தாள், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்திநாலு வயது. திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்திருக்கிறாள், சீருடைத் தையல் காசில் தவணை தவணையாகக் கட்டுகிறாள். பையன் ஏழாம் வகுப்பு, என்னிடம்தான் கணக்குப் படிக்கிறான், பின்னத்தில் கெட்டிக்காரன்.

மாலை வகுப்பு இன்னும் நடக்கிறது. இந்த வருடம் ஆறு பேர். சென்ற பெருநாளைக்கு சோனகத் தெருவில் ஒரு கடைக்காரர் கொடுத்த பணத்தில் சாய்வுக் கதிரை இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். வந்த முதல் நாளே அவற்றில் ஒன்றைச் சுவர்ப்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார் ஒருவர். நாற்பது வயதிருக்கும், என்னை விடக் கொஞ்சம் இளையவர். எங்கே இருந்தவர் என்று நான் கேட்கவில்லை. இருபடிச் சமன்பாட்டில் நிற்கிறார்.